படங்கண்டு பெயர் கூறும் கணினி விளையாட்டு

கணினிக்கு நிரல் எழுதப் புகும் மாணாக்கர் முதன்முதல் செய்து பழகுதற்குரியவற்றுள் படங்கண்டு பெயர் கூறும் விளையாட்டும் ஒன்றாகும். திரையிலே ஒரு படம் தோன்றும். ஆடுவோர் அதன் பெயரை எழுதிப் பொத்தானை அழுத்துவர். விடை சரியாயின் அடுத்த படம் வரும். காண்பதற்கு இவ்வளவே. ஆயினும், விடை சரியோ பிழையோ எனத் தீர்க்கும் இடத்தே, தமிழில் இதனைச் செய்வார்க்கு ஓர் இடர் உளது.

இதற்கு யான் கைக்கொண்டது விஷுவல் பேசிக். மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 1991-ஆம் ஆண்டு வெளியிட்ட இம்மொழி, 2002-இல் டாட்நெட் அமைப்போடு இணைந்து விண்டோஸ் பார்ம்ஸ் என்னும் படிவ முறையைப் பெற்றது. வெற்றுப் படிவமொன்றில், படங்காட்டப் பிக்சர்பாக்ஸ், விடை எழுத டெக்ஸ்ட்பாக்ஸ், ஒரு பட்டன், மதிப்பெண் காட்ட ஒரு லேபிள் ஆகியவற்றை இட்டால் உருவம் முடிந்தது.

படங்களுக்கு அலையவில்லை. எங்கள் கோபிசெட்டிபாளையத்தைச் சூழ உள்ளனவே போதியனவாயின: பவானியாற்றுக் கொடிவேரி அணை, பாரியூர்க் கொண்டத்துக் காளியம்மன் கோயில், 1955-இல் முடிவுற்ற பவானிசாகர் அணை, தடப்பள்ளி வாய்க்காற் பாசனத்து நெல்வயல், பட்டுக்கூடு. படத்தை 16 சிறு கட்டங்களால் மூடி, ஒவ்வொன்றாகத் திறக்கவிட்டேன். திறக்குந்தோறும் 16 மதிப்பெண்ணில் ஒன்று குறையும். படங்களின் வரிசையையும் ஒவ்வொரு முறையும் கலைத்தல் வேண்டும். தற்செயல் எண் தரும் ஆர்.என்.டி. என்னும் செயலை மட்டும் நம்பினால், நிரலைத் தொடங்குந்தோறும் பழைய வரிசையே வரும். முன்னதாக ராண்டமைஸ் என ஒருமுறை எழுதிவிடல் நன்று.

இனி இடருக்கு வருவோம். என் தமக்கையின் மகள் படத்தைக் கண்டு, பிழையின்றிக் ‘கொடிவேரி’ என எழுதினாள். ‘தவறு’ என்றது கணினி. மீண்டும் எழுதினாள், மீண்டும் தவறு. விடுமுறைதோறும் தான் சென்று குளிக்கும் இடத்தின் பெயரைத் தான் அறியாதவளாக ஆக்கப்பட்டமையால் அவள் முகம் வாடிற்று. நிரலைப் பன்முறை நோக்கியும் எனக்குப் பிழை புலப்படவில்லை. அவள் எழுதிய சொல்லும் யான் வைத்த விடையும் திரையில் ஒன்றாகவே நின்றன.

கணினி காண்பது எழுத்தின் வடிவையன்று, அதற்குரிய எண்ணையே. யூனிகோடு முறையில் ‘கொ’ என்பதை இருவகையாக எழுதலாம். ககரத்தின்பின் ஒகரக் குறி முழுமைக்கும் உரிய 3018 என்னும் ஒரே எண்ணை இடுதல் ஒருவகை. ஒற்றைக் கொம்புக்கு 3014, காலுக்கு 3006 எனப் பிரித்திடுதல் மற்றொரு வகை. அவள் விசைப்பலகை முதல் வகையால் எழுதிற்று. விடைப்பட்டியலையோ, பழைய எழுத்துருவில் இருந்த கோப்பொன்றிலிருந்து யான் மாற்றி எடுத்திருந்தேன். அதில் இருந்தது இரண்டாம் வகை. எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கால் இவை வெவ்வேறு சொற்கள் என்க.

மருந்து எளிது. ஒப்பிடுமுன் இரு சொற்களையும் நார்மலைஸ் என்னும் செயலுக்கு உட்படுத்தினால், பிரிந்த குறிகள் கூடி 3018 ஆகிவிடும். முன்னும் பின்னும் தவறி விழுந்த வெற்றிடத்தை ட்ரிம் நீக்கும். ஆயின், ஔகாரக் குறிக்கு மாறாகக் கொம்பும் ளகரமும் இட்டெழுதுவாரும் உளர். அதனை நார்மலைஸ் திருத்தாது. ‘கோயில்’ என்பாரும் ‘கோவில்’ என்பாரும் உளர். எங்கள் ஊர்ப்பெயரையே ‘கோபி’ எனச் சுருக்குவாரும், இடையே சகர ஒற்று மிகுப்பாரும் உளர். இவர்களையெல்லாம் அறியாதார் எனத் தள்ளுதல் தகுமோ? ஆகலின், படத்துக்கு ஒரு விடை என்னாது, ஏற்கத்தக்க விடைகளின் பட்டியல் வைத்து, அவற்றுள் எதனோடு பொருந்தினும் மதிப்பெண் தருமாறு மாற்றினேன்.

திருத்திய நிரலில் அவள் மூன்று கட்டங்களே திறந்து, கொடிவேரிக்கு 13 பெற்றாள். பாரியூர்ப் படத்துக்கு ‘அம்மன் கோவில்’ என்று மட்டும் எழுதினாள். அதனையும் பட்டியலிற் சேர்ப்பதா என்னும் வழக்கு எங்களுக்குள் இன்னும் தீர்ந்தபாடில்லை.