காற்றில்லா உயரத்தில் பாராசூட்

கேள்வி: காற்று ஏறக்குறைய இல்லாத உயரத்திலிருந்து குதித்தால் பாராசூட் எப்படி விரியும்?

பதில்: அங்கே விரித்துப் பயனில்லை. 1960 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்க விமானப்படையின் ஜோசப் கிட்டிங்கர், நியூ மெக்சிகோ வானில் 31 கி.மீ. உயரத்தில் பலூனிலிருந்து குதித்தார். பெரிய பாராசூட் விரிந்தது ஐந்தரை கி.மீ. உயரத்துக்கு இறங்கிய பிறகுதான். அதுவரை நாலரை நிமிடம், உடம்பு பம்பரமாய்ச் சுழலாமல் பார்த்துக்கொண்டது ஒரு சின்னப் பாராசூட். முந்தைய ஆண்டு முதல் முயற்சியில் இது முன்கூட்டியே வெளிவந்து கழுத்தில் சுற்றிக்கொள்ள, சுழற்சியில் நினைவிழந்தார். தானாக விரிந்த பாராசூட் காப்பாற்றியது. அதற்குப் பிறகும் குதித்தாரே, அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்ல! 1960-இல் மேலே போகும்போதே வலது கையுறையில் காற்றழுத்தம் போய்விட்டது. கை வீங்கியது. சொன்னால் இறக்கிவிடுவார்கள் என்று உச்சியை நெருங்கும்வரை வாய் திறக்கவில்லை. தரையிறங்கிய சில மணி நேரத்தில் கை பழையபடி ஆனது.