நாற்பதில் எடுக்கும் கம்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிலம்ப வகுப்பு நடக்கும் எந்த மைதானத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். பிள்ளைகள் கம்பு சுற்றிக்கொண்டிருப்பார்கள். பெற்றோர் தண்ணீர் பாட்டிலும் பையுமாக ஓரத்தில் நிற்பார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேரின் பார்வை பிள்ளைமேல் இருக்காது, கம்பின்மேல் இருக்கும். "நீங்களும் வாங்களேன்" என்று ஆசான் கூப்பிட்டால், "எங்களுக்கெல்லாம் வயசாயிடுச்சு மாஸ்டர்" என்று சிரித்தபடி ஒதுங்கிக்கொள்வார்கள். உண்மையில் அவர்களைத் தடுத்து நிறுத்துவது வயது அல்ல. சினிமாவும் ஊர்ப்பேச்சும் தற்காப்புக் கலைகளைப் பற்றி நம் மனதில் சேர்த்துவைத்திருக்கும் நம்பிக்கைகள்தான் தடுக்கின்றன. அதே நம்பிக்கைகளோடு துணிந்து சேர்ந்துவிடுகிறவர்களில் பலர் தோள்பட்டை வலியோடு சீக்கிரமே நின்றும்விடுகிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம் தருகிற விஷயங்கள்.

நம்பிக்கை: ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது.

இந்தத் துறையில் அதிகம் கேட்கிற வாக்கியம் இதுதான். ஒலிம்பிக் பதக்கம் வாங்கவேண்டும் என்றால் சிறுவயதிலேயே தொடங்கத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கற்றுக்கொள்வதற்கு அப்படியொரு வாசல் எங்கும் அடைக்கப்படவில்லை. 1872-ல் பிறந்த எடித் கேரட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, திருமணமாகிச் சில ஆண்டுகள் கழித்துத்தான் ஜியு ஜிட்சு கற்கத் தொடங்கினார். பிறகு லண்டனில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களுக்கு அவரே ஆசிரியரானார். தலைவி எம்மலின் பேங்க்ஹர்ஸ்ட்டைப் போலீஸ் பிடிக்கவிடாமல் சூழ்ந்து நின்ற பெண்கள் அணி அவரிடம் பயிற்சி பெற்றதுதான். நம் காலத்தில், சமையல் நிகழ்ச்சிகளால் உலகம் அறிந்த ஆந்தனி போர்டெய்ன் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பிரேசிலிய ஜியு ஜிட்சு வகுப்பில் சேர்ந்தார். 2016-ல், அறுபதை நெருங்கும்போது, நியூயார்க்கில் நடந்த போட்டியில் தன் வயதுப் பிரிவில் தங்கம் வென்றார்.

இதே இடத்தில் வடகரை மீனாட்சி அம்மாவையும் பலர் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எழுபது வயதைக் கடந்தும் களரியில் வாள் வீசுகிறவர், 2017-ல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆனால் அவர் களரியில் இறங்கியது ஏழு வயதில். எவ்வளவு காலம் தொடரலாம் என்பதற்கு அவர் சாட்சி. எவ்வளவு தாமதமாகத் தொடங்கலாம் என்பதற்கு அவரைக் காட்டுவது சரியாகாது. அதற்கு எடித்தும் போர்டெய்னும் போதும்.

வயது ஏற ஏற மாறுவது உடம்பு தேறிவரும் வேகம். பதினைந்து வயதுப் பையன் இன்று வாங்கிய அடியை நாளைக் காலையில் மறந்துவிடுவான். நாற்பத்தைந்தில் அதற்கு மூன்று நாள் ஆகலாம். வாரம் ஆறு நாள் பயிற்சி பையனுக்குச் சரி. அவனுடைய அப்பாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். புரிந்துகொள்வதில் அப்பாவே முந்திக்கொள்வார். 'இந்த அடி எதற்கு, இங்கே கால் ஏன் திரும்புகிறது' என்று கேட்டு வாங்கிக்கொள்கிற பக்குவம் பிள்ளைகளிடம் குறைவு.

நம்பிக்கை: முதலில் தொப்பையைக் குறைப்போம், அப்புறம் சேருவோம்.

இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சேருவதே இல்லை. முதல் வாரங்களில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாததுதான் காரணம். சினிமாவில் பார்த்ததுபோல முதல் நாளே யாரோ காற்றில் பறந்து உதைப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நல்ல சிலம்ப ஆசான் முதலில் கம்பையே கையில் தரமாட்டார். காலடிதான் முதல் பாடம். அதைச் சுவடு என்பார்கள். முன்கால் எங்கே விழவேண்டும், பின்கால் எப்போது எழவேண்டும், உடல் எடை எந்தக் காலில் நிற்கவேண்டும் என்று மண்தரையில் மெதுவாக நடந்து நடந்து பழகவேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். கால்மணி நேரத்தில் தொடை நடுங்கத் தொடங்கும். வெறுங்காலோடு திரும்பும்போது பெருவிரலடியில் தோல் சூடாவது தெரியும். "கம்பை அப்புறம் பாக்கலாம் தம்பி, இப்ப காலைப் பாருங்க" என்று ஆசான் சொல்லிக்கொண்டே இருப்பார். பிறகு நெற்றி உயரத்துக்கு ஒரு பிரம்புக் கம்பு கைக்கு வரும். புதிதாகப் பிடிப்பவர் எல்லோரும் அதை இறுக்கித்தான் பிடிப்பார்கள். இறுக்கினால் முழங்கைக்குக் கீழே வலிக்கும், கட்டைவிரல் அடியில் கொப்புளம் வரும், கம்பு சுழலாது. பிடியைத் தளர்த்தி, மணிக்கட்டை விட்டுக்கொடுத்தால் கம்பு தன் எடையிலேயே சுற்றும். அதற்குள் கணுக்காலிலும் முழங்கையிலும் நாலைந்து தட்டுகள் விழுந்திருக்கும். இதில் எதற்கும் ஒட்டிய வயிறு முன்தேவை இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியையும் சேர்க்கச் சொல்கிறது. சுவடு பழகுவது காலுக்கு வலு, சமநிலை இரண்டையும் ஒருசேரக் கேட்கும் வேலை.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். பயிற்சி தொடங்கினால் தசை சில வாரங்களிலேயே பலப்படும். தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாணுக்கு மாதக்கணக்கில் ஆகும். இரண்டாம் மாதத்தில் 'இப்போ நல்லா தெம்பா இருக்கு' என்று வேகத்தைக் கூட்டுகிறவர்களுக்குத் தோளிலும் குதிகாலிலும் வலி வருவது இந்த இடைவெளியால்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் சேருவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படித்தான். அவர்கள் அடிபடும் மோதல் பயிற்சியைத் தவிர்த்து, சுவடும் வீச்சும் மட்டும் பழகலாமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சேர்க்கும்போதே இதையெல்லாம் விசாரிக்காத ஆசிரியரிடம் சேரவேண்டாம் என்பதே என் கருத்து.

நம்பிக்கை: காலை 180 டிகிரி விரிக்க முடியாதவருக்குக் கராத்தே வராது.

இடுப்பு மூட்டின் எலும்பமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு எவ்வளவு பழகினாலும் அப்படி விரியாது, விரிக்கவேண்டிய அவசியமும் இல்லை. தொடை உயரத்தில் சரியாக விழும் உதை போதுமானது. பின்னாலிருந்து ஒருவர் முதுகை அழுத்தி, வலிக்க வலிக்கக் காலை விரிக்கவைக்கும் பழக்கம் சில வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. பெரியவர்களின் தொடைத்தசை கிழிவதற்கு அது நேர்வழி. அங்கே எழுந்து வந்துவிடலாம்.

நம்பிக்கை: கறுப்புப் பட்டை வாங்கியவர் எல்லாம் முடித்தவர்.

ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் ஜூடோவுக்கான கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே 'டான்' என்ற படிநிலையை வைத்தார். முதல் டான் என்பது அடிப்படைகளைக் கற்றுக்கொண்டவர் என்பதற்கான அடையாளம், அதற்கு மேல் ஏறவேண்டிய படிகள் பல. ஒகினாவாவிலிருந்து 1922-ல் டோக்கியோவுக்கு வந்த கிச்சின் ஃபுனாகோஷி, கானோவைப் பார்த்தே கராத்தேக்கும் இந்த முறையை எடுத்துக்கொண்டார். வெள்ளைப் பட்டை துவைக்காமல் அழுக்கேறிக் கறுப்பானது என்ற கதை சுவையானது, வரலாறு அல்ல. மஞ்சள், பச்சை, நீலம் என்று இடையில் வரும் வண்ணங்கள் பின்னாளில் ஐரோப்பாவில் பரவியவை. 1930-களில் பாரிசில் ஜூடோ கற்பித்த மிகினோசுகே கவாய்ஷிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. மாணவர்கள் சலித்து நின்றுவிடாமலிருக்க அது உதவியது.

அந்த நல்ல ஏற்பாடு இன்று பல ஊர்களில் வசூலாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு 'பெல்ட் எக்ஸாம்', ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், ஒரே வருஷத்தில் பிளாக் பெல்ட் என்று ஃபிளெக்ஸ் போர்டு. பிரேசிலிய ஜியு ஜிட்சுவின் சர்வதேசக் கூட்டமைப்பு விதிப்படி, நீலப் பட்டை வாங்கிய ஒருவர் அதே பட்டையில் குறைந்தது இரண்டு ஆண்டு இருந்தாகவேண்டும். கறுப்புக்கு வர ஏறக்குறைய பத்தாண்டு ஆவது அங்கே சகஜம். பெரியவர்கள் சொந்தக் காசைக் கட்டிச் சேருகிறார்கள். கட்டுவதற்கு முன் அந்த வகுப்பில் பத்து வருஷமாகப் பழகுகிற ஒருவராவது இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது அவர்கள் உரிமை.

நம்பிக்கை: போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போய்ச் சீனாவுக்குக் குங்ஃபூ கற்றுக்கொடுத்தார், ஆகவே எல்லாத் தற்காப்புக் கலைக்கும் நாமே தாய்வீடு.

2011-ல் வந்த '7ஆம் அறிவு' படத்துக்குப் பிறகு இதைக் கேள்வி கேட்டாலே கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கோபத்தின் பின்னால் இருக்கும் பற்று எனக்கும் உண்டு. ஆனாலும் சான்றுகள் வேறு கதை சொல்கின்றன. போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல், லுவோயாங் நகரத்துப் பௌத்தக் கோயில்களைப் பற்றி யாங் சுவான்ஷி 547 வாக்கில் எழுதியது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. அதே நூற்றாண்டில் தான்லின் எழுதிய குறிப்புதான் தென்னிந்தியாவில் ஓர் அரசனுக்குப் பிறந்த மூன்றாவது மகன் என்று சொல்கிறது. தென்னிந்தியர் என்ற மரபுக்கு ஆதாரம் உண்டு, அதைத் தள்ளவேண்டியதில்லை. காஞ்சிபுரமோ பல்லவரோ அந்த ஆரம்பக் குறிப்புகளில் இல்லை. சண்டைப் பயிற்சியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஷாவோலின் மடத்தில் 728-ல் நட்ட கல்வெட்டு, 621-ல் நடந்த போரில் துறவிகள் பின்னாளைய தாங் பேரரசருக்கு உதவியதைச் சொல்கிறது. அதிலும் போதிதர்மர் போர்க்கலை ஆசானாக வரவில்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைத்துவைத்தது 1624 என்று தேதியிட்ட 'யிஜின் ஜிங்' என்ற நூல். அதன் முன்னுரைகளில் உள்ள காலக் குழப்பங்களைச் சீன ஆய்வாளர் தாங் ஹாவ் போன்றவர்கள் 20-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டி, அது பிற்காலத்தார் அவர் பெயரில் ஏற்றியது என்று நிறுவிவிட்டார்கள். கம்பு எடுக்கிற நமக்கு இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் சோங்யு என்பவர் ஷாவோலின் கம்புச் சண்டைக்கு விரிவான நூல் எழுதினார். மடத்துத் துறவிகள் தங்கள் கம்புக்கலையின் மூலவராக அதில் சொல்வது, பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன கின்னர அரசன் என்ற தெய்வத்தை. அங்கேயும் போதிதர்மர் இல்லை.

இந்த நம்பிக்கையால் பெரியவர்களுக்கு என்ன கெடுதல்? ஏதோ தொலைந்துபோன ரகசியம் கிடைக்கப்போகிறது என்று வருகிறார்கள். ஆசான் 'வலதுகாலை முன்னால வைங்க' என்கிறார். ஏமாந்து போகிறார்கள். சிலம்பத்துக்குச் சீனாவிலிருந்து சான்றிதழ் தேவையில்லை. ஊர்த் திருவிழாக்களிலும் சிலம்பக் கூடங்களிலும் பெயர் வெளியே தெரியாத ஆசான்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றித் தந்த கலை அது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் முதன்முறையாகக் காட்சி விளையாட்டாகவும் சேர்ந்தது. இந்த உண்மையான வரலாறே பெருமைப்படப் போதுமானது.

நோக்கு வர்மத்தால் பார்வையிலேயே ஆளை வீழ்த்தலாம் என்பதும் இதே வரிசையில் வரும். யாரும் சோதனைக்கு உட்பட்டு அதை நிரூபித்ததில்லை. கன்னியாகுமரிப் பகுதி ஆசான்கள் அடிபட்டவர்களுக்குப் பார்க்கும் வர்ம மருத்துவம் வேறு, அது சித்த மருத்துவத்தின் ஒரு பிரிவு. சேர்ந்த புதிதில் யாராவது தனிக் கட்டணத்துக்கு 'வர்ம அடி' சொல்லித்தருவதாகச் சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

நம்பிக்கை: கற்றுக்கொண்டால் நாலு பேரைச் சமாளிக்கலாம். கறுப்புப் பட்டைக்காரர் காவல் நிலையத்தில் கையைப் பதிவு செய்யவேண்டும்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. அமெரிக்காவின் ஆளுகையில் உள்ள குவாம் தீவில் அதுபோன்ற ஒரு விதி இருப்பது வேறு விஷயம். இங்கே தெரிந்திருக்கவேண்டியது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள். தற்காப்புக்கு உரிமை உண்டு, தேவைக்கு மேல் காயப்படுத்த உரிமை இல்லை. விழுந்தவனைத் திரும்ப அடித்தால் அது தற்காப்பில் வராது. கத்தியோடு வருகிறவனிடம் பர்ஸைக் கொடுத்துவிட்டு ஓடச்சொல்கிற ஆசிரியர், கத்தியைப் பிடுங்கும் வித்தை காட்டுகிறவரைவிட நம்பத்தக்கவர்.

நடுவயதைக் கடந்தவர்களை அடிக்கடி தாக்குவது தெரு ரவுடி அல்ல, ஈரமான குளியலறைத் தரை. விழும்போது எல்லோரும் கையை நீட்டி ஊன்றத்தான் பார்ப்பார்கள், அப்போது மணிக்கட்டு முறியும். ஜூடோவில் தூக்கி எறியும் பாடத்துக்கு முன்பே விழுகிற பாடம் வந்துவிடும். தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, முதுகை வளைத்து, உருண்டு, நீட்டிய கை முழுவதையும் உடம்புக்குப் பக்கத்தில் மெத்தையில் தட்டவேண்டும். தலை தரையைத் தொடவே கூடாது. நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள், பக்கவாட்டில் விழும்போது இப்படி உருண்டால் இடுப்பெலும்பில் இறங்கும் விசை குறைகிறது என்று அளந்து காட்டி, முதியோருக்கான பயிற்சித் திட்டத்திலும் இதைச் சேர்த்தார்கள். வீடியோ பார்த்து வீட்டுத் தரையில் இதைச் செய்துபார்க்க வேண்டாம். எலும்பு மெலிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம். மற்றவர்கள் கனமான மெத்தையின்மேல், முதலில் குந்திய நிலையிலிருந்து, ஆசிரியர் பக்கத்தில் நிற்கத் தொடங்கலாம். நின்ற நிலையிலிருந்து விழுவதற்கு அவர் சரி என்று சொல்லும்வரை அவசரப்படவேண்டியதில்லை.