மொட்டை மாடியில் கிரில் சிக்கன்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை கடைகளில் கம்பியில் சுழலும் கிரில் சிக்கனை வீட்டு மாடியிலும் செய்யலாம். புகையில் வேகவைக்கும் கரி அடுப்பு இருந்தால், சுழல் கம்பியும் சிறு மோட்டாரும் பொருத்தினால் போதும்.

● மோட்டார் எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள்.

● ஒரு கிலோ அளவுள்ள முழுக்கோழி போதும். இறக்கை, கால்களைப் பருத்தி நூலால் இறுகக் கட்டி, கோழியைக் கம்பியில் குத்துங்கள். கம்பியைக் கையால் உருட்டிப் பாருங்கள். ஒரே பக்கம் கனத்துக் கீழே திரும்பினால் கோழியை நகர்த்திக் குத்துங்கள். இல்லாவிட்டால் மோட்டார் திணறும்.

● கரியை இரு ஓரங்களில் குவித்து, நடுவில் கொழுப்பு சொட்ட ஒரு தட்டு வையுங்கள். தீ குபீரென எழாது, தோல் கருகாது.

● சீமைக் கருவேலங்கரி நின்று கனலும். அமெரிக்க பார்பிக்யூவில் புகழ்பெற்ற மெஸ்கீட் மரத்தின் இனம்தான் சீமைக் கருவேலம். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட் துண்டு கூடவே கூடாது.

● தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் வெப்பமானியைச் செருகுங்கள். 74 டிகிரி செல்சியஸ் தாண்டியிருக்க வேண்டும். 10 நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.

● அறையிலோ மூடிய பால்கனியிலோ கரி மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். ஈரத்தரையில் மோட்டாருக்கு மின் இணைப்பு கொடுக்காதீர்கள்.