வீட்டில் இனி நாம் இருவர்
பிள்ளைகள் வெளியேறிய பின், கணவன் மனைவி சேர்ந்திருக்கச் செலவில்லாத சில வழிகள்



மகன் துபாயில் இருப்பான். மகள் திருமணமாகிப் புகுந்த வீட்டில் இருப்பாள். திருவல்லிக்கேணியில் இப்படி வாப்பாவும் உம்மாவும் மட்டும் மிஞ்சிய வீடுகள் இன்று ஏராளம். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த வீடுகளில் பேச்சுக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடக் கட்டணம், மதரஸா நேரம், வீட்டு வாடகை, மகளின் திருமணக் கடன் என்று பேச ஏதாவது இருந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் போனதும் அந்தப் பேச்சும் போய்விடுகிறது. இஷா தொழுத பின் கணவர் டீக்கடையில் நண்பர்களோடு நிற்கிறார். மனைவி தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ஆனால் "சாப்பிட்டாச்சா?", "மாத்திரை போட்டாச்சா?" என்ற இரண்டு கேள்விகளோடு ஒரு நாள் முடிந்துவிடுகிறது.

இது வயதானால் வருவதுதான் என்று விட்டுவிடக் கூடாது. கணவன் மனைவி சேர்ந்து செலவிடும் நேரம் மார்க்கத்தில் ஓர் உரிமை. இதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

மார்க்கம் காட்டும் வழி

அர்ரூம் அத்தியாயத்தின் 21ஆம் வசனத்தில், துணைகளைப் படைத்ததைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் சொல்கிறான். அந்தத் துணையிடம் மன அமைதி பெற வேண்டும் என்பதும், இருவருக்கிடையே அன்பும் இரக்கமும் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதும் அதில் உள்ளன. பிள்ளை வளர்ப்போடு இந்த அமைதி முடிந்துவிடும் என்று அந்த வசனத்தில் எங்கும் இல்லை.

அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, அவரது மனைவிக்கும் அவர் மீது உரிமை இருக்கிறது என்று சல்மான் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். சல்மான் சொன்னது உண்மையே என்று நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்தினார்கள் (புகாரி). வணக்கமே மனைவியின் உரிமையை மறக்கடிக்கக் கூடாது என்றால், டீக்கடைப் பேச்சும் கைப்பேசியும் எம்மாத்திரம்?

நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரோடு நேரம் செலவிட்ட விதத்தைப் பாருங்கள். ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள், ஆயிஷா ஜெயித்தார்கள். காலம் கடந்து, ஆயிஷாவுக்கு உடல் கனத்த பிறகு மீண்டும் ஓடினார்கள்; இந்த முறை நபி (ஸல்) முந்தினார்கள். அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று சொன்னார்கள் (அபூதாவூத்). இடையில் ஆண்டுகள் ஓடியும் பழைய பந்தயம் மறக்கவில்லை.

பதினொரு பெண்கள் தங்கள் கணவர்களைப் பற்றிப் பேசிய நீண்ட கதையை ஆயிஷா (ரலி) சொன்னபோது, முழுவதும் கேட்டிருந்து கடைசியில் அன்பாக ஒரு பதிலும் சொன்னார்கள். ரமளானின் கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருந்தபோது ஸஃபிய்யா (ரலி) பார்க்க வந்தார்கள். சற்று நேரம் பேசியிருந்து அவர்கள் புறப்பட்டதும், நபி (ஸல்) எழுந்து உடன் நடந்து வழியனுப்பினார்கள். இரவில் தூங்கும் முன் மனைவியோடு சிறிது நேரம் பேசியதும் புகாரியில் பதிவாகியிருக்கிறது.

நடப்பது, கேட்பது, பேசுவது, விளையாடுவது. இவற்றில் எதற்கும் காசு தேவைப்படவில்லை.

நம் ஊரில் செய்யக்கூடியவை

1. ஃபஜ்ருக்குப் பின் ஒரு நடை. வாலாஜா பெரிய பள்ளிவாசலிலிருந்து வாலாஜா சாலை வழியாக மெரினாவுக்கு மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத்திற்குள் போய்விடலாம். அந்தப் பள்ளிவாசல் 1795இல் கட்டப்பட்டது. சாலையின் முடிவில் இருக்கும் சேப்பாக்கம் அரண்மனை 1768இல் எழுந்த ஆற்காடு நவாபின் மாளிகை. எத்தனையோ முறை அவசரமாகக் கடந்த இடங்களை ஒருமுறை நின்று பாருங்கள். கோஷாப் பெண்களுக்காக 1885இல் தொடங்கிய கோஷா ஆஸ்பத்திரியும் பக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளை அங்கே பிறந்திருந்தால், அந்த இரவைப் பற்றி இருவரும் பேசாமல் அந்த வாசலைக் கடக்க முடியாது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. மனைவிக்கு மூட்டு வலி என்றால் கணவர் பத்தடி முன்னால் நடக்க வேண்டாம். நடையின் வேகம் மெதுவாக நடப்பவருடையதாக இருக்கட்டும்.

2. நூலகம். கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனி இடம் உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கணவரின் டிக்கெட் மட்டும்தான் செலவு. திரும்பும் வழியில், படித்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வரலாம்.

3. பிறையும் நிலவும். ஒவ்வொரு மாதமும் 29ஆம் நாள் மக்ரிப் நேரத்தில் இருவரும் மொட்டைமாடிக்குப் போய்ப் பிறை தேடுங்கள். ரமளானுக்கும் ஷவ்வாலுக்கும் மட்டும் தேடுவது என்று வைத்துக்கொள்ள வேண்டாம். உடல்நிலை இடம் கொடுத்தால் 13, 14, 15ஆம் நாட்களின் நோன்பைச் சேர்ந்து நோற்கலாம். சஹருக்கு ஒருவரை ஒருவர் எழுப்புவது, இரண்டு பேரீச்சம்பழமும் வீட்டில் போட்ட டீயுமாகக் கடற்கரையில் நோன்பு திறப்பது, அன்றைய முழுநிலவு எல்லாம் உங்கள் இருவருக்கும்தான். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு நோன்பு வையுங்கள்.

4. குர்ஆன் நேரம். தினமும் அரைப் பக்கம் போதும். ஒருவர் ஓத, மற்றவர் தர்ஜுமாவைப் படிக்கட்டும். நன்றாக ஓதத் தெரிந்தவர் மற்றவரைத் திருத்தலாம். குத்திக்காட்டித் திருத்த வேண்டாம். சில வீடுகளில் மனைவியே கணவருக்கு உஸ்தாதாக இருப்பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. அடுப்படி. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்து, தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) சொல்லியிருக்கிறார்கள் (புகாரி). வாரம் ஒரு நாள் கணவர் வெங்காயம் உரிக்க, மனைவி தன் உம்மாவின் பழைய சமையல் ஒன்றைச் செய்யட்டும். அதைச் செய்யும் முறையையும் எழுதி வையுங்கள்.

6. நோயாளியைப் பார்த்து வருதல். இருவருமாகப் போய் நலம் விசாரித்தால் அங்கே உறவு சேர்கிறது. திரும்பி வரும்போது, கிடைத்திருக்கும் ஆரோக்கியத்துக்கு ஷுக்ரும் சேர்கிறது.

பீரோவைத் திறக்கும் ஒரு மாலை

இது சற்றுக் கனமான விஷயம் என்றாலும் தள்ளிப்போட வேண்டாம். வங்கிக் கணக்கு எங்கே, வீட்டுப் பத்திரம் எங்கே, யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடம் வாங்க வேண்டும் என்பது பல வீடுகளில் மனைவிக்குத் தெரியாது. கணவர் மவ்த்தான பிறகு இத்தா இருக்கும் நாட்களில் அந்தப் பெண் காகிதங்களைத் தேடி அலைய வேண்டுமா? வஸிய்யத் செய்ய வேண்டிய விஷயம் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கூடக் கழிக்கக் கூடாது என்று நபிமொழி எச்சரிக்கிறது.

ஒரு மாலை இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்போது ஒரு கேள்வியைக் கணவரே கேட்க வேண்டும்: "உனக்கு மஹரை முழுசாகக் கொடுத்துவிட்டேனா?" நிக்காஹ் ஏட்டில் எழுதியதோடு நின்றுபோன மஹர் கடனாகவே இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கழித்தாவது அதைக் கேட்பதை விடப் பெரிய மரியாதை ஒரு மனைவிக்கு வேறென்ன இருக்க முடியும்?

சில எச்சரிக்கைகள்

கைப்பேசியை வீட்டில் வையுங்கள். எடுத்துப் போனாலும் பையிலேயே இருக்கட்டும். முதல் நாளே பழைய கணக்குகளை எடுக்காதீர்கள். மாமியார், நாத்தனார் பேச்சு வேண்டாம். ஆரம்பத்தில் பேச எதுவும் இல்லாமல் மௌனமாக நடந்தாலும் பரவாயில்லை. வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, நாற்பது நாள் விடாமல் செய்து பாருங்கள். இருவரில் ஒருவர் படுக்கையில் இருந்தால், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்வதே அவர்களுக்கான கடற்கரை.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

மகளின் பிரசவத்துக்கும் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் உம்மாவை மட்டும் ஆறு மாதம் வெளிநாட்டுக்கு அழைத்துக்கொள்கிறோம். வாப்பா இங்கே தனியாகக் கடைச் சாப்பாடு சாப்பிடுகிறார். உம்மாவின் உதவி நமக்குத் தேவைதான். ஆனால் அவர் நமக்கு உம்மாவாகும் முன்பே அவருக்கு மனைவி. முடிந்தால் இருவரையும் சேர்த்து அழையுங்கள். முடியாவிட்டால் நாட்களைக் குறையுங்கள்.

குடும்பமாகப் பேச

* கடைசியாக நாம் இருவரும் வேலை எதுவும் இல்லாமல் சேர்ந்து வெளியே போனது எப்போது?
* உனக்குப் பிடித்தும், பிள்ளைகளுக்காக நீ விட்டுவிட்டது எது?
* நம் இருவருக்கும் ஒத்துவரும் நாளும் நேரமும் எது?
* நாம் எழுதி வைக்க வேண்டியவை எவை?

இருவரில் யார் முதலில் போவோம் என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும். இருக்கும் வரை ஒருவர் மற்றவருக்கு அமைதியாக இருக்கவும், மறுமையிலும் சேர்ந்திருக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.