புதுப் பட்டதாரியை வேலைக்கு எடுங்க: சின்னக் கடைக்காரர்களுக்கு அக்காவின் 10 டிப்ஸ்

தில்லி சரோஜினி நகர் பக்கம் துணிக்கடை, டிபன் சென்டர், டெய்லரிங், டியூஷன் சென்டர் நடத்துற தம்பி தங்கைகளே, "அனுபவம் உள்ள ஆளே கிடைக்கலை" என்ற புலம்பலை முதலில் நிறுத்துங்க. அனுபவம் உள்ளவர் சம்பளமும் கூடக் கேட்பார், பழைய கடையின் பழக்கத்தையும் விடமாட்டார். உங்க மார்க்கெட்டுக்கு வருகிற கூட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பாருங்க. அவங்களுக்கு எது பிடிக்கும், எந்த விலையில் கை நீட்டுவாங்க என்பது அதே வயசுப் பிள்ளைக்குத்தான் தெரியும். போன வருஷம் உங்ககிட்ட பேரம் பேசினவரையே இந்த வருஷம் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிறுத்துங்க. எப்படின்னு சொல்றேன்.

1. ஜூன், ஜூலையில் எடுங்க. படிப்பு முடித்த பிள்ளைகள் வேலை தேட ஆரம்பிக்கிற நேரம் அது. அப்போ எடுத்தால் தீபாவளிக் கூட்டத்துக்குள் கை பழகிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் ஆளைச் சேர்த்துவிட்டு, "ஒண்ணும் தெரியலை"ன்னு திட்டினால் தப்பு உங்க மேல்தான்.

2. தூரமா தேடாதீங்க. பிங்க் லைன் மெட்ரோவில் துர்காபாய் தேஷ்முக் சவுத் கேம்பஸிலிருந்து உங்க ஸ்டேஷன் மூணாவது. அந்தக் கேம்பஸ் பக்கத்தில்தான் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி. லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி இருக்கு. அங்கே படித்து, பிறகு பட்டம் முடித்த பிள்ளைகளுக்குத் தமிழும் வரும், இந்தியும் வரும். அவங்களை விட்டுட்டு யாரைத் தேடப் போறீங்க?

3. சிபாரிசுக்காக எடுக்காதீங்க. சொந்தக்காரர் பிள்ளையைக் கண்டிக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது. மார்க் ஷீட்டைப் பார்த்தும் மயங்காதீங்க. அரை மணி நேரம் போதும்: பத்து பில்லைக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்க, ஒரு ரேக்கில் உள்ள சரக்கை எண்ணி எழுதச் சொல்லுங்க. பொறுமை இருக்கா, சந்தேகம் வந்தால் கேட்கிறாங்களா என்பது அதிலேயே தெரிஞ்சிடும்.

4. வேலை என்னன்னு ஒரு தாளில் எழுதுங்க. "எல்லாத்தையும் பார்த்துக்கணும்" என்பது வேலை இல்லை. சரக்குக் கணக்கு, பில்லிங், இன்ஸ்டாகிராம் ஆர்டர் என்று பிரிச்சு எழுதுங்க. நேரம், சம்பளம், லீவு மூணும் அதே தாளில் வரணும்.

5. சம்பளத்தில் விளையாடாதீங்க. தில்லியின் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் பட்டதாரிக்குத் தனி விகிதம் இருக்கு. அகவிலைப்படி ஏப்ரல், அக்டோபர் கணக்கில் மாறும், அதையும் பார்த்துக் கொடுங்க. "ஒரு மாசம் சும்மா வேலை செய்து காட்டு" என்ற பேச்சே கூடாது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கவே வைக்காதீங்க. பயத்தில் இருக்கிற ஆள் மனசு வைத்து வேலை பார்க்கமாட்டார்.

6. அப்ரன்டிஸ் திட்டத்தைப் பாருங்க. 1961 அப்ரன்டிஸ் சட்டப்படி 30 பேரோ அதுக்கு மேலோ இருந்தால் எடுத்தே ஆகணும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடம் விருப்பப்பட்டால் எடுக்கலாம். 2019 விதியில் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாசம் 9,000 ரூபாய். நாட்ஸ் என்ற தேசிய அப்ரன்டிஸ் பயிற்சித் திட்டத்தில் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும், பி.ஏ., பி.காம். பிள்ளைகளுக்கும் உண்டு. இப்போதைய தொகையை நாட்ஸ் போர்ட்டலில் பார்த்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்க. பதிவு செய்யாமல் பேருக்கு அப்ரன்டிஸ் என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்காதீங்க.

7. முதல் நாள் செவ்வாய்க்கிழமையாக இருக்கட்டும். சனி, ஞாயிறு கூட்டத்தில் யாருக்கும் எதையும் சொல்லித்தர முடியாது. திங்கள் மார்க்கெட் லீவு. "பயிற்சி" என்று சொல்லி அன்னைக்கும் வரச் சொல்லாதீங்க. வேலை நேரத்துக்குத் தில்லிக் கடைச் சட்டத்தில் வரம்பு இருக்கு, இப்போதைய கணக்கைப் பார்த்துக்கோங்க. நடுவில் ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து நிற்க வைக்காதீங்க.

8. மாசத்துக்கு ஒரு வேலை. முதல் மாசம் சரக்கும் பில்லும். ரெண்டாவது மாசம் கணக்கு: மாசாமாசம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுறவங்களுக்கு 11, 20 தேதிகள் முக்கியம் என்பதை அப்போ சொல்லிக் கொடுங்க. மூணாவது மாசம் ஆன்லைன் ஆர்டர். எல்லாத்தையும் ஒரே வாரத்தில் கொட்டினால் எதுவும் நிற்காது. தினமும் கடை திறந்ததும் 20 நிமிஷம் சொல்லித் தாங்க. கல்லாவை உடனே ஒப்படைக்காதீங்க. முதலில் ராத்திரி பணக்கணக்கையும் யுபிஐ கணக்கையும் உங்க பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கட்டும்.

9. வாடிக்கையாளர் முன்னாடி திட்டாதீங்க. முதல் தோசை பிய்ந்தால் கல்லையா தூக்கி எறியறோம்? கூட்டம் குறைந்த பிறகு தனியாகக் கூப்பிட்டு, எங்கே தப்பு, அடுத்த தடவை எப்படி என்று சொல்லுங்க. டீ வாங்கவும் உங்க பிள்ளையை ஸ்கூலில் விடவும் அனுப்பாதீங்க. படித்த பிள்ளை ஓடிப்போகிறது பாதி இதனால்தான்.

10. "கத்துக்கிட்டுப் போயிடுவாங்களே" என்று பயப்படாதீங்க. சிலர் போவாங்க, போகட்டும். ஒவ்வொரு வேலையையும் கற்றதும் ஒரு பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்க. அடுத்து வர்றவருக்கு அதுதான் பாடப்புத்தகம். ஒரு வருஷம் முடிந்ததும் கேட்காமலே சம்பளத்தைக் கூட்டுங்க. போகும்போது நல்ல கடிதம் கொடுத்து அனுப்புங்க. மரியாதையாகப் போனவரே தன் ஜூனியரை உங்ககிட்ட அனுப்புவார்.

பத்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம், எனக்கும் தெரியும் உங்க அவசரம். நாளைக்குக் கடை திறக்கும் முன்னாடி 4-வது டிப்ஸில் சொன்ன தாளை மட்டும் எழுதிடுங்க. என்ன வேலைக்கு ஆள் வேணும்னு உங்களுக்கே தெரியாதபோது, வர்ற பிள்ளைக்கு எப்படித் தெரியும்?