ஆஸ்துமாவுக்குப் புதிய ஊசி

இரண்டு வகை இன்ஹேலர் எடுத்தும் அடிக்கடி மூச்சுத்திணறல். பிரட்னிசோலோன் மாத்திரையால் முகம் வீங்குகிறது. புதிய ஊசி கைகொடுக்குமா? – வாசகி, கிள்ளான்

கைகொடுக்கலாம் சகோதரி. மெப்போலிசுமாப், பென்ராலிசுமாப், டுபிலுமாப் போன்ற ஊசிகள் மூச்சுக்குழாய் அழற்சியைத் தூண்டும் பொருளையே குறிவைத்துத் தடுப்பவை. தோலுக்கடியில், மருந்தைப் பொறுத்து 2 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். இவற்றால் மாத்திரையைக் குறைத்தவர்கள் பலர். எந்த ஊசி பொருந்தும் என்பதற்கு ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணுக்களின் அளவு பார்ப்பார்கள். பிரட்னிசோலோன் அந்த அளவைக் குறைத்துக் காட்டும்; பழைய ரத்த அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். ஊசிக்கு முன் ஒன்று: இன்ஹேலரை அழுத்தி இழுத்ததும் 10 விநாடி மூச்சை அடக்குகிறீர்களா? மருந்தாளர் முன் செய்து காட்டுங்கள். ஊசியின் விலை அதிகம்தான். ஆகவே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) கடிதம் வாங்கி அரசு மருத்துவமனைச் சுவாச நிபுணரைப் பாருங்கள். கோலாலம்பூர் ஜாலான் பஹாங்கில் சுவாச மருத்துவக் கழகமும் உண்டு. அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.