தலைக்குள் சத்தமின்றி விரியும் நாடி

இந்தியாவிலிருந்து திரும்பி, ஊருக்குப் போகுமுன் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலோ கொட்டாஞ்சேனையில் வாடகை அறையிலோ சில வாரங்கள் தங்கியிருக்கிறீர்கள். அடையாள அட்டை, பதிவு, பிள்ளைகளின் பாடசாலை என்று ஒரே அலைச்சல். இந்த இடைவெளியில்தான் பிரசர் குளிசை முடிந்துபோகும். உடம்பில் ஒரு வருத்தமும் தெரியாதபடியால் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

குருதியமுக்கம் பல ஆண்டுகள் கூடியே இருந்தால் மூளைக்குப் போகும் நாடிகளின் சுவர் நலிந்துவிடும். சிலருக்கு நாடி நீண்டு அகன்று நெளியும். அதற்குள் ஓட்டம் மந்தமாகி, இரத்தம் உறைந்து அடைத்தால் பாரிசவாதம் வரும். வேறு சிலருக்கு, பழைய சைக்கிள் ரியூப்பில் மெலிந்த இடம் புடைப்பதுபோல, நாடி கிளைக்கும் இடத்தில் குமிழ் உண்டாகும். வளர்ந்தோரில் 100 பேருக்குச் சுமார் 3 பேரிடம் இது உண்டு. பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை; ஆகவே பயந்து ஸ்கானுக்கு ஓடவேண்டாம். ஆனால் பெற்றோர், சகோதரரில் இருவருக்கு இப்படிக் குமிழ் வெடித்திருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். புகைத்தலும் ஆபத்தைக் கூட்டும்.

குளிசை முடியமுன்னரே வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். வெள்ளவத்தையில் இருப்போருக்குக் களுபோவில வைத்தியசாலை கிட்ட. கொட்டாஞ்சேனையில் இருப்போர் தேசிய வைத்தியசாலைக்குப் போகலாம். இரண்டும் அரசாங்கத்தினுடையவை, கட்டணம் இல்லை. முகாமில் தந்த துண்டையும் வெறும் குளிசை மட்டையையும் கொண்டுபோங்கள். அந்தக் கம்பனிப் பெயர் இங்கே இல்லாவிட்டாலும், மட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் பார்த்து வைத்தியர் எழுதித் தருவார். ஊருக்குப் புறப்படும்போது கிளினிக் கொப்பி கைப்பையிலேயே இருக்கட்டும், லொறியில் ஏற்றும் பெட்டியில் வேண்டாம்.

வாழ்நாளில் கண்டிராத தலையிடி திடீரென இடித்தால், கூடவே வாந்தியோ கழுத்து விறைப்போ மயக்கமோ வந்தால், அது குமிழ் வெடித்ததாக இருக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணுவதும், கை விழுவதும், பேச்சுக் குழறுவதும் பாரிசவாதத்தின் அறிகுறிகள். நம்மவர் வழக்கப்படி இரண்டு பனடோலைப் போட்டுவிட்டுப் படுக்கவேண்டாம். அஸ்பிரினும் கொடுக்கவேண்டாம்: அடைப்பா கசிவா என்பது ஸ்கானில்தான் தெரியும், கசிவென்றால் அஸ்பிரின் அதைக் கூட்டிவிடும்.

உடனே 1990 க்கு அழையுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. இப்போது வடக்கு, கிழக்கிலும் உண்டு. நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். விடிய எழும்பும்போதே கை விழுந்திருந்தால், எழும்பிய நேரத்தையல்ல, இரவு படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள்.